மூளை அறுவைக்குப் பின் வலிப்பு: மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு

மூளையில் அறுவை சிகிச்சை முடிந்து, தலைக்கட்டோடும் மருந்துச் சீட்டோடும் ஒருவர் வீடு திரும்பும் வேளையில், கட்டி முழுவதும் எடுக்கப்பட்டதா, தையலை என்றைக்குப் பிரிப்பார்கள் என்ற கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்பது, "இனிமேல் ஃபிட்ஸ் வருமா, டாக்டர்?" என்பதைத்தான். "இந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?" என்ற கேள்வியோ பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்த பிறகே நினைவுக்கு வருகிறது. முதற் கேள்விக்கு எந்த வைத்தியரும் அறுதியிட்டு விடை சொல்ல இயலாது. இரண்டாவதற்கு விடை உண்டு. அதைக் கேட்டறியாமல் வந்துவிடுவதனாலேயே, ஒரு வாரத்தோடு நின்றிருக்க வேண்டிய மருந்தைச் சிலர் வருஷக்கணக்கில் விழுங்குகிறார்கள். வருஷக்கணக்கில் தொடர வேண்டியதை வேறு சிலர் ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு விபரீதத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

வலிப்பு பிறக்கும் இடம்

மூளையின் நரம்பணுக்கள் நுட்பமான மின் அதிர்வுகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அந்த அதிர்வுகள் ஒரு கட்டுக்குள் அடங்கி நடக்கும் வரையில் எல்லாம் சுகமே. ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் அக்கட்டை மீறி ஏககாலத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. அறுவையின்போது மூளையின் மேற்புறணி விலக்கப்படுவதாலும், கசிந்த இரத்தத்திலுள்ள இரும்பு நரம்பணுக்களை உறுத்துவதாலும், சுற்றிலும் நீர் கோத்து வீக்கம் காண்பதாலும் முதல் ஏழு நாட்களுக்குள் வருவது ஒரு வகை. புண் ஆறித் தழும்பு கட்டிய பின்னர், மாதங்களோ வருஷங்களோ கழித்து அந்தத் தழும்பின் ஓரத்திலிருந்து கிளம்புவது மற்றொரு வகை. இத்தகைய தழும்புகளை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் மான்ட்ரியல் நகரத்து வைல்டர் பென்ஃபீல்டு; அவரிடம் பயின்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டியே 1949-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா அறுவைக்கும் அபாயம் ஒரே அளவினதன்று. பின்மண்டையில் உள்ள சிறுமூளையில் செய்யும் சிகிச்சைக்குப் பின் வலிப்பு அபூர்வம். பெருமூளையின் புறணியைத் தொட்டுச் செய்யும் சிகிச்சையிலேதான் அதற்கு இடம் அதிகம். மூளையில் சீழ்க்கட்டி இருந்தவர்கள், மெல்ல வளரும் சிலவகைக் கட்டி உடையவர்கள், மண்டையில் பலத்த அடிபட்டு உள்ளே இரத்தம் உறைந்தவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அறுவைக்கு முன்பே ஒரு முறையேனும் வலிப்புக் கண்டவர்கள் ஆகியோர் கூடுதல் ஜாக்கிரதையுடன் இருக்க வேண்டும்.

மருந்து செய்வதும் செய்யாததும்

தூக்கமயக்கம் அதிகம் தராமல் வலிப்பை அடக்கும் ஃபெனிடாயின் என்ற மருந்தை 1938-இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர் வெளிப்படுத்திய பிறகு, மண்டையைத் திறந்த எவருக்கும் அதை முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்ற வழக்கம் உலகெங்கும் மெல்லப் பரவியது. வரப்போகும் தீங்கை மருந்தால் தடுத்துவிடலாம் என்ற அந்த எண்ணம் நியாயமானதே; ஆயினும் அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை நிதானமாகப் பரீட்சித்துப் பார்க்க அரை நூற்றாண்டு சென்றது. மண்டையில் கடுமையாக அடிபட்ட 404 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஃபெனிடாயினும் மறு பிரிவுக்கு வெறும் போலி மருந்தும் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1990-இல் வெளிவந்தது. முதல் வாரத்தில் போலி மருந்து பெற்றவர்களுள் 14.2 சதவீதத்தினருக்கு வலிப்பு வந்திருக்க, ஃபெனிடாயின் பெற்றவர்களுள் 3.6 சதவீதத்தினருக்கே வந்தது. ஆனால் அந்த முதல் வாரம் கழிந்த பிறகு, இரண்டு ஆண்டுகள் வரையில் பார்த்தும், மருந்தினால் யாதொரு நன்மையும் தென்படவில்லை. அதாவது மருந்து, உறுத்தலால் வரும் துடிப்பை அடக்கியதே தவிர, தழும்பு பின்னாளில் வலிப்பின் ஊற்றாக மாறுவதைத் தடுக்கவில்லை.

கட்டி அறுவை செய்தவர்களைப் பற்றியும் ஏறக்குறைய இதே அபிப்பிராயத்துக்குத்தான் நிபுணர்கள் வந்தார்கள். ஒரு முறைகூட வலிப்பு வராதவருக்கு அறுவைக்குப் பின் முதல் வாரம் கழிந்ததும் தடுப்பு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2000-இல் ஆலோசனை கூறியது. ஆகவே, நோயாளி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பதுதான். வலிப்பே வராதிருக்க, வராமலிருக்கட்டும் என்று மருந்து பெறுபவர் ஒரு வகுப்பு. ஏற்கெனவே வந்துவிட்டதால் சிகிச்சையாகவே பெறுபவர் மற்றொரு வகுப்பு. முன்னவருக்கு மருந்தை நிறுத்தும் தேதி உண்டு. அது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கூச்சமின்றிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னவருக்கு மருந்து நெடுநாள் செல்லும். அவர் தாமாக அதில் கை வைக்கலாகாது.

மாத்திரையின் குணமும் தோஷமும்

ஃபெனிடாயின் மிகவும் பழகிய மருந்தேயானாலும் கொஞ்சம் பிடிவாதக்காரத்தனம் உடையது: அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் அது எதிர்பாராத வண்ணம் ஏறிவிடும், அப்போது கண் மங்கும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். நெடுநாள் உண்பவர்களுக்கு ஈறு தடிப்பதுண்டு. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனின் பலத்தையும், இரத்தத்தை இளக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை முதலியவற்றின் வேலையையும் அது மாற்றிவிடக்கூடும். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

இத்தகைய தொல்லைகள் குறைவு என்பதால் இப்போது பல இடங்களில் லெவெடிராசிடம் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அதற்கும் ஒரு குறை உண்டு: சிலருக்குக் காரணமில்லாத எரிச்சலும், கோபமும், மனச்சோர்வும் உண்டாகும். சாதுவாக இருந்த மனிதர் அறுவைக்குப் பின் எதற்கெடுத்தாலும் சீறுகிறார் என்றால், மூளையைத் தொட்டதால் சுபாவமே மாறிவிட்டது என்று வீட்டார் தமக்குள் அழுதுகொண்டிருப்பார்கள். மருந்தின் அளவைக் குறைத்தோ, வேறு மருந்து கொடுத்தோ சரி செய்யக்கூடிய விஷயமாக அது இருக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதன் அளவு குறைய வேண்டும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள், வால்ப்ரோயேட் என்ற மருந்து எழுதப்பட்டிருந்தால், அது கர்ப்பத்திலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது என்பதை அறிந்து முன்னதாகவே வைத்தியரோடு பேசிக்கொள்வது அவசியம்.

மாத்திரைக்கு வெளியே

மருந்தைத் தவறாமல் உண்பவருக்கும் வலிப்பு வருவதுண்டு. அதற்குக் காரணம் பல சமயங்களில் மூளைக்கு வெளியே இருக்கும். இரத்தத்தில் சோடியம் குறைந்துபோவது அவற்றுள் முதன்மையானது. மூக்கின் வழியாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தவர்களுக்கு, வீடு திரும்பிய பிறகுகூட, ஏறத்தாழ ஒரு வாரத்தில் இது நேரலாம். தலைவலியும் குமட்டலும் அயர்வும் மிகுந்தால், களைப்புத்தான் என்று படுக்க வைத்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம். சர்க்கரை தாழ்வது, காய்ச்சல், இரவு விழிப்பு, பழகிய குடியைத் திடீரென்று விடுவது, வலிக்காகத் தாமாக வாங்கி விழுங்கும் டிரமடால் ஆகியவையும் வலிப்பைத் தூண்டக்கூடும். உடம்பு தேறுவதற்குள் பார்க்க வருபவர்களை இரவு பதினொரு மணி வரையில் உட்கார வைத்துப் பேசும் நம் உபசாரத்தையும் இந்த ஜாபிதாவில் சேர்க்க எனக்கு ஆசை. நித்திரை கெடுவதைப் போல மூளைக்கு உபத்திரவம் வேறில்லை.

வந்துவிட்டால்

கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் கரண்டியை நுழைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம். நோயாளியைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றிலும் இடிபடக்கூடியவற்றை அகற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலும், பிரக்ஞை திரும்புவதற்குள் அடுத்தது வந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். அறுவை செய்து சில வாரங்களே ஆனவருக்கு முதன்முதலாக வந்த வலிப்பாயின், தானே நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதே முறை. உள்ளே இரத்தம் கசிந்ததா, சீழ் பிடித்ததா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லா வலிப்பும் கைகால் உதறி வருவதில்லை. வாயின் ஒரு கோடி துடிப்பது, பேச்சு நடுவில் நின்றுபோவது, விழித்தபடியே சில நிமிஷம் பதில் சொல்லாதிருப்பது ஆகியவையும் வலிப்பின் வடிவங்களாக இருக்கலாம். அவற்றைச் செல்போனில் படம் பிடித்துக் காட்டினால் வைத்தியருக்குப் பேருதவி.

வலிப்பு வந்தவர் நெடுங்காலம் சுகமாக இருந்த பின்னர் மருந்தை நிறுத்தலாமா என்பதை வைத்தியர், எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. ஆகியவற்றையும் பார்த்துத் தீர்மானிப்பார். நிறுத்துவதானாலும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைப்பார். அப்படிக் குறைத்துவரும் காலத்திலும் நிறுத்திய பின் சில மாதங்களுக்கும் ஸ்கூட்டரையும் காரையும் பிறர் ஓட்டட்டும். கிணற்றடியிலும் குளத்திலும் துணையின்றி இறங்க வேண்டாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் வெறுமனே சாத்திக்கொண்டால் போதும்.