தறிக் கொட்டகைக்குத் தனி மெயின் சுவிட்ச் இருக்கா? இந்த வாரமே செக் பண்ணுங்க!

வாலாஜாபாத்திலோ பக்கத்துக் கிராமங்களிலோ வளர்ந்தவரா நீங்க? அப்போ இந்த அமைப்பு உங்களுக்கு அத்துப்படி. முன்னாடி வீடு, நடுவுல துணி காயப்போடுற இடம், பின்னாடி தறிக் கொட்டகை. வீட்டிலிருந்து ஒரு வயர் தலைக்கு மேல தொங்கிக்கிட்டே போய்க் கொட்டகைக்குள்ள நுழையும். அங்கே ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், நூல் சுற்றும் மோட்டார். சில இடங்களில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் இருக்கும்.

இப்போ ஒரு காட்சியை யோசிச்சுப் பாருங்க. ஐப்பசி மழை. கொட்டகை ஒழுகுது. குழித்தறியில் கால் வெச்சு உட்கார்ந்திருக்கிற அம்மா, மோட்டாரைத் தொட்டதும் அலறுறாங்க. நீங்க கொட்டகை வாசல்ல நிக்கிறீங்க. கரன்டை எங்கே நிறுத்துவீங்க?

"மீட்டர் பக்கத்துல மெயின் இருக்கே" என்பதுதான் உங்க பதில்னா, நீங்க முற்றத்தைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, முன்வாசலுக்கு ஓடணும். அங்கே இருக்கிற நாலு சுவிட்சில் எது கொட்டகைக்குன்னு கண்டுபிடிக்கணும். மின்சாரம் பிடிச்சவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

விதி என்ன சொல்லுது?

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் 225-வது பிரிவு இதை நேரடியாவே சொல்லுது. வீட்டிலிருந்து தனியா நிற்கிற எந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் போனாலும், அந்தக் கட்டடத்திலேயே அதைத் துண்டிக்க ஒரு வழி இருக்கணும். அதுவும் வயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சட்டுனு கை எட்டுற மாதிரி. கார் ஷெட், தோட்டத்துக் கொட்டகை எல்லாமே இதில் அடக்கம்.

நம்ம நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இருக்கு. 2010-ல் வந்தது, 2023-ல் புதுசா மாற்றப்பட்டது. சப்ளை தொடங்குற இடத்துக்குப் பக்கத்தில், மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கிற சுவிட்ச் சுலபமா எட்டும்படி இருக்கணும். மோட்டார் இருந்தா, அதை இயக்குறவர் கைக்கெட்டும் தூரத்தில் அதுக்கும் சுவிட்ச் வேணும். இரண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: ஆபத்து நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்துற வழியும் இருக்கணும்.

எந்த மாதிரி சுவிட்ச்?

லைட் போடுற சாதாரண சுவிட்ச் போதாது. அது ஃபேஸ் வயரை மட்டும்தான் துண்டிக்கும். எப்பவோ யாரோ வேலை பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தா, சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே மின்சாரம் இருக்கும். ஃபேன் நிற்கும், ஆனா தொட்டா ஷாக் அடிக்கும். அதனால ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கிற டபுள் போல் சுவிட்ச் கேட்டு வாங்குங்க.

கூடவே ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேணும். "அதான் எம்.சி.பி. இருக்கே"ன்னு நினைக்காதீங்க. எம்.சி.பி. வயரைக் காப்பாத்தும், உங்களைக் காப்பாத்தாது. கணக்கு சிம்பிள்: 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே கைத்தசை இறுகி, பிடிச்சதை விட முடியாமப் போகலாம். 30-ஐத் தாண்டினா இதயத் துடிப்பே குழம்புற ஆபத்து இருக்கு. ஆனா 6 ஆம்பியர் எம்.சி.பி. விழணும்னா 6,000 மில்லிஆம்பியருக்கு மேல போகணும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரன்டும் திரும்பி வந்த கரன்டும் சமமா இருக்கான்னு பார்க்கும். வித்தியாசம் வந்தா கண் சிமிட்டுறதுக்குள்ள துண்டிச்சுடும். வீட்டு இணைப்புகளுக்கு இந்தக் கருவியை தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே கட்டாயமாக்கியிருக்கு.

குழித்தறிக்கு இது இன்னும் முக்கியம். நெய்றவர் தரைக்குள்ள கால் வெச்சு உட்கார்ந்திருக்கார். மழைக்காலத்தில் அந்தக் குழி ஈரம். உடம்பு வழியா பூமிக்கு மின்சாரம் போக அதைவிட எளிய பாதை வேண்டாம்.

எல்லாரும் மறக்கிற இன்வெர்ட்டர்

கரன்ட் போனாலும் தறி நிற்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டரிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன் இழுத்திருக்கீங்களா? அப்போ ஈ.பி. மெயினை அணைச்சாலும் அந்த லைனில் 230 வோல்ட் இருக்கும். கொட்டகை வாசலில் அதுக்கும் ஒரு டபுள் போல் சுவிட்ச் வைங்க. ரெண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். "ஈ.பி.", "இன்வெர்ட்டர்"னு பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்க.

எர்த்தில் நடக்கிற தப்பு

வீட்டு எர்த் வயரும் கொட்டகை வரைக்கும் வரணும், கொட்டகைக்குப் பக்கத்திலும் ஒரு எர்த் குழி இருந்தா நல்லது. ஆனா கொட்டகையில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கிடக் கூடாது. "எர்த் சரியில்லை, நியூட்ரல்ல சேர்த்துட்டேன்"னு யாராவது சொன்னா உடனே பிரிக்கச் சொல்லுங்க. வீட்டிலிருந்து வர்ற நியூட்ரல் வயர் எங்கேயாவது அறுந்தா, மோட்டார் பாடி, ஜக்கார்ட் இரும்புச் சட்டம் எல்லாத்திலும் மின்சாரம் ஏறிடும்.

இன்னொண்ணு: வயரைத் தாங்குற ஜி.ஐ. கம்பியில் துணி காயப்போடாதீங்க. வயர் தோல் உரிஞ்சா, ஈரத்துணியும் கம்பியும் சேர்ந்து உயிரை வாங்கிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம் ஒதுக்குங்க

1. கொட்டகைக்குள்ள வயர் நுழையும் இடத்தைப் பாருங்க. அதுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்கா? நூல் மூட்டையும் பழைய சாமானும் அதை மறைச்சிருக்கா?

2. ஆர்.சி.சி.பி. இருந்தா, கரன்ட் இருக்கும்போதே அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. உடனே விழணும். விழலைன்னா மாத்துங்க. மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்க.

3. கொட்டகை சுவிட்சை அணைங்க. லைட், ஃபேன், மோட்டார் எல்லாம் நின்னுச்சா? ஏதாவது ஒண்ணு ஓடினா, உங்களுக்குத் தெரியாத இன்னொரு லைன் வருதுன்னு அர்த்தம்.

4. சுவிட்ச் வைக்கிற வேலையை நீங்களே யூடியூப் பார்த்துச் செய்யாதீங்க. வயரிங் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்யணும்னு விதியே இருக்கு. உரிமம் இருக்கான்னு கேட்கிறதில் கூச்சப்பட வேண்டாம்.

5. வீட்டில் இருக்கிற எல்லாரையும், பாட்டி உட்பட, ஒரு தடவை அந்த சுவிட்சை அணைச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா முதல் வேலை சுவிட்சை அணைக்கிறது. அதுக்கு முன்னாடி அவரைத் தொடாதீங்க. அணைக்க வழியே இல்லைன்னா, காய்ஞ்ச இடத்தில் நின்னுக்கிட்டு காய்ஞ்ச மரக்கட்டையால தள்ளி விடுங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க.

தறி மட்டும்னு இல்லை. பம்ப்செட் ரூம், மாட்டுக் கொட்டகை, மொட்டை மாடி ரூம், தனியா கட்டின பாத்ரூம், எங்கே தனியா வயர் போகுதோ அங்கெல்லாம் இதே கேள்விதான்: இங்கே நின்னுக்கிட்டே நான் கரன்டை நிறுத்த முடியுமா? முடியாதுன்னா, வேலைக்கு ஆள் கூப்பிடுங்க. மழை வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க.