சருகின்கீழ் ஓர் உலகம்

பனித்திட்டு முதலிய கடற்கரை ஊர்களுக்கு வடக்கே, புதுவை நகரைக் கடந்து மரக்காணம் செல்லும் வழியில் புத்துப்பட்டு உள்ளது. அங்கு ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கின்றது. சோழமண்டலக் கரையில் முன்னாளில் பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. காயாவும் வீரையும் அடர்ந்த அக்காட்டில் நுழைவோர் மரங்களை அண்ணாந்து நோக்குவர். காலடியில் நொறுங்கும் சருகை நோக்குவோர் சிலரே.

சருகை ஒரு கோலால் மெல்ல விலக்கினால், மேலே காய்ந்த இலையும், அதன்கீழ் நைந்த இலையும், அடியில் கரிய மட்கும் தோன்றும். வேனிலிலும் கீழடுக்கில் சிறிது ஈரம் தங்கும். உடலின் ஈரத்தைக் காக்கும் திறம் குறைந்த மரவட்டைக்கும் நத்தைக்கும் அதுவே புகலிடம். முதலில் பூஞ்சணம் இலையை மென்மையாக்கும். பின்னர் மரவட்டை அதனை அரைத்துத் தின்னும். வாற்பகுதியால் எம்பித் துள்ளும் நுண்ணிய உயிர்கள் பூஞ்சணத்தை மேயும். அவற்றைச் சிலந்தியும் பூரானும் வேட்டையாடும். ஈரம் வற்றி ஏனையவை ஒடுங்கும் காலத்தும் கறையான் ஓய்வதில்லை. சருகின்மீது மண்ணைப் பூசி, அம்மறைவில் தின்னும்.

தடித்த இலை மெல்ல மட்கும். மெல்லிய இலை விரைவில் மட்கும். பலவகை இலைகளும் கலந்து கிடப்பதால் உணவும் உறைவிடமும் ஒருங்கே கிடைக்கின்றன. சவுக்குத் தோப்பில் இக்கலப்பைக் காண இயலாது.

தூய்மை செய்வதாக எண்ணிச் சருகைக் கூட்டி எரிப்பாரும் உளர். அவ்விடத்து மண் வெயிலில் இறுகும், மரவட்டை மறையும், சிலந்தி இரையின்றி அகலும். மரத்தின் வேருக்குத் திரும்ப வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.