சொந்தக் காலில் சினிமா – 9: காட்டுவதற்கும் காசு வையுங்கள்

மன்னார்புரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று குறும்படம் எடுத்துவிட்டார். கையில் நான்கு லட்சம் சேர்ந்திருக்கிறது. "வேலையை விட்டுட்டு சென்னைக்குக் கிளம்பிடலாமாண்ணே? நல்ல கேமரா வாடகைக்கு எடுத்தா முழுநீளப் படத்துக்கு இந்தப் பணம் போதுமா?" என்று கேட்கிறார். இதையே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பலரும் கேட்பதால், இந்த வாரம் முழுக்க அவருக்கே.

கேமரா இருக்கட்டும் தம்பி. 1905-ல் உங்கள் திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக வேலை பார்த்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், உடம்பு முடியாமல் நாடு திரும்பத் தயாரானார். அவருடைய புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டு, ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரையே கட்டிவிட்டார். நடராஜ முதலியார் சென்னையில் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' எடுத்தது அதற்கெல்லாம் பிறகுதான். படம் எடுக்க ஆள் வருமுன்பே, பார்க்க ஆள் சேர்த்து வைத்திருந்தார் அந்தத் திருச்சி ரயில்வே ஊழியர். அவர் வேலையை விட்டது எப்போது என்றும் பாருங்கள். காட்டுவதற்கு ஒரு பொருள் கைக்கு வந்த பிறகு!

தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1986-ல் கேரளத்தில் 'அம்ம அறியான்' எடுத்தபோது தயாரிப்பாளரைத் தேடி அலையவில்லை. ஒடெஸா என்று நண்பர்கள் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, ஊர்களில் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, ஜனங்களிடமே பணம் திரட்டினார். அந்தப் படத்துக்குக் கேமரா ஓடுமுன்பே பார்வையாளர்கள் இருந்தார்கள்.

நம் காலத்துக் கதைகளைக் காலண்டரோடு சேர்த்துப் படியுங்கள். செழியனின் 'டு லெட்' படத்தைத் தயாரித்தவர் அவருடைய மனைவி பிரேமா. 2017-ல் விழாக்களுக்குப் போகத் தொடங்கியது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. தியேட்டருக்கு வந்ததோ 2019-ல். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. அதைச் சாதாரண ரசிகர் சோனி லிவ்வில் பார்த்தது 2023 அக்டோபரில். இவ்வளவு பெயர் வாங்கிய படங்களுக்கே இந்தக் காத்திருப்பு. அந்த மாதங்களில் வீட்டு வாடகையை யார் கட்டுவது? வேலையை இப்போது விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்கு லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவிடுங்கள். ஷூட்டிங்கில் என்ன நெருக்கடி வந்தாலும் அதைத் தொடக் கூடாது. சப்டைட்டில், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), விழாக்களின் நுழைவுக் கட்டணம், சென்சார் எல்லாம் அதிலிருந்துதான். பாதியில் நின்றுபோன சுயாதீனப் படங்கள் பலவற்றில் படப்பிடிப்பு முடிந்துதான் இருக்கிறது. அதற்குப் பிறகு செலவழிக்கக் காசில்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகின்றன.

மீதி மூன்று லட்சத்தில் படம் பிடிக்கக் கதை சுருங்கத்தான் வேண்டும். மூன்று நான்கு பேர், இரண்டு வீடு, உங்களுக்குத் தெரிந்த தெரு. வினோத்ராஜ் தன் அக்காவுக்கு நடந்ததிலிருந்துதான் கதையை எடுத்தார், தான் பிறந்து வளர்ந்த மேலூர்ப் பக்கத்து வெயிலிலேயே எடுத்தார்.

கேமராவுக்கு ஒதுக்கியதில் கொஞ்சம் பிடுங்கி ஒலிக்குக் கொடுங்கள். படம் லேசாகக் குலுங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார். மன்னார்புரத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய வீடென்றால் பஸ் ஹாரன் ஓயாது. முதல் நாளே அந்த அறையில் உட்கார்ந்து, எந்த நேரத்தில் சத்தம் அடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, வசனக் காட்சியை அந்த நேரத்துக்கு வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு, உங்கள் பைக் சாவியை அதற்குள் வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதை மறுபடி போட மறக்கவே மாட்டீர்கள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் இரண்டு வசனத்துக்கு நடுவே விழும் ஓட்டையை அடைக்க அது வேண்டும்.

டீக்கடைக் காட்சி எடுத்தால் முதலில் ரேடியோவை அணைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் ஓடும் இளையராஜா பாட்டு கேட்க இனிமையாக இருக்கும். வசனத்தோடு கலந்து பதிவானால் சுத்தமாகப் பிரிப்பது கடினம், உரிமை வாங்கவும் உங்களிடம் காசிருக்காது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் அறநிலையத்துறை அனுமதியும், ஜங்ஷனில் ரயில்வே அனுமதியும் இல்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால், டிரோன் பறக்கவிடுமுன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். கதையில் ஆடு, நாய் வந்தால் விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எடுத்து முடித்துவிட்டுப் போய் நின்றால் சென்சாரில் சிக்கல்தான்.

படம் முடிந்ததும் ஆசையில் யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். பெரிய விழாக்கள் பல, வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கின்றன. எடிட்டிங் நடக்கும்போதே கோவாவில் நடக்கும் ஃபிலிம் பஜாருக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி. 2007-ல் தொடங்கிய சந்தை அது. முடியாத படத்தையும் எடுத்துப்போய் உலக விழாக்களின் தேர்வாளர்களிடம் காட்ட நம் நாட்டில் அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

நடிக்க வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சங்கிலியாண்டபுரம் உங்கள் மன்னார்புரத்துக்குப் பக்கத்தில்தான். அங்கே வளர்ந்த கணேசன் என்ற சிறுவன் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடமும் போட்டு, வருஷக்கணக்கில் மேடையில் பழகினான். 1952-ல் 'பராசக்தி' வந்தபோது அவருக்கு வயது 24. அதற்குள் பழுத்த நடிகர். விஜய் சேதுபதி, ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பதைக் கவனித்தவர். நீங்களும் உங்கள் ஊரிலேயே ஒரு நாடகக் குழுவைத் தேடுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தொடங்குங்கள். வாய்ப்பு தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். நடிக்க வைப்பவர்தான் சம்பளம் தர வேண்டும். ஆடிஷனுக்கு வீடியோ அனுப்பும்போது மேக்கப், பின்னணி இசை எதுவும் வேண்டாம். வெறும் சுவர், முகத்துக்கு எதிரே ஜன்னல் வெளிச்சம், போனைப் படுக்கவைத்த மாதிரி பிடிக்க ஒரு நண்பர், பார்வை லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில். இவ்வளவு போதும். பேச்சு உங்கள் வீட்டுப் பேச்சாக இருக்கட்டும்.

இந்தத் தம்பிக்கு இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறேன். மூன்று குறும்படத்தில் சிறந்ததை எடுத்துக்கொண்டு, ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி கட்டி, உங்களைத் தெரியாத முப்பது பேருக்குக் காட்டுங்கள். நீங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று குறித்து வைத்து, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். முழுநீளப் படத்தின் திரைக்கதையை அதிலிருந்து பேசத் தொடங்கலாம்.

(தொடரும்)