கோடையில் ஒரு வாரத்து வானிலை: அறிவிப்பைப் படித்துப் பயன்பெறும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் தாமிரபரணிப் பிரதேசத்துக் குடியானவர் தினந்தோறும் விசாரிப்பவை இரண்டு விஷயங்கள். மழை வருமா என்பது ஒன்று. அணையில் தண்ணீர் எவ்வளவு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குரிய பதிலை இந்திய வானிலைத் துறையின் சென்னை மண்டல நிலையம், வரும் சில தினங்களுக்குச் சேர்த்து நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. ஆயினும் அதனை நம்பி ஏமாந்தோம் என்று சொல்லும் சங்க அங்கத்தினர் அநேகர். அறிவிப்பில் வழங்கும் சொற்களுக்குத் திட்டமான அளவுகள் உண்டு என்பதை அறிந்துகொண்டால் இவ்வேமாற்றத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலாவதாக இடத்தைக் குறிக்கும் சொற்களைக் கவனிப்போம். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாத நிலையங்களில் மழை பதிவாகலாம் என்பது பொருள். ‘சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ‘பல இடங்களில்’ என்றால் 51 முதல் 75 வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். கோடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகையே. ஆகையால் நான்கு கிராமங்களில் மூன்று நனையாமல் போனாலும் அறிவிப்பு பொய்த்ததாகாது.

இரண்டாவது, மழையின் அளவு. காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை பெய்வதே ஒரு நாள் மழை. அது ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. வரையில் இருந்தால் லேசான மழை, ஆறரை செ.மீ.க்கு உட்பட்டால் மிதமான மழை, அதற்கு மேல் பதினொன்றரை வரை கனமழை, இருபது செ.மீ. வரை மிகக் கனமழை. ஒரு செ.மீ. மழை பெய்தால் ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 40,000 லிட்டர் நீர் விழுகிறது. கேட்பதற்கு இது பெரிதாகத் தோன்றும். ஆனால் கோடை வெயிலில் நாளொன்றுக்கு அரை செ.மீ.க்குக் குறையாமல் நீர் ஆவியாகிவிடுவதால், அந்த ஈரம் இரண்டு நாளைக்கு மேல் தாங்குவது அரிது. ‘கோடை உழவு கோடி நன்மை’ என்பர். அத்தகைய ஒரு மழை உழவுக்குப் போதும், விதைப்புக்குப் போதாது.

மூன்றாவது, மலையும் சமவெளியும் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது. பகல் வெப்பத்தால் எழும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி உயர்வதால், பிற்பகலில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து முதலிய மலையிடங்களில் நல்ல மழை பெய்யும். அதே நேரத்தில் பாளையங்கோட்டையில் புழுதி பறக்கும். மலை மழை வயலை நனைக்காவிடினும் ஆற்றை நிரப்பக்கூடியது. 2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலத்து அருவியில் திடீரென வெள்ளம் பெருகி ஒரு சிறுவன் உயிரிழந்தான். எனவே மலைப்பகுதிக்குக் கனமழை எச்சரிக்கை இருக்கும் நாட்களில், கீழே வானம் தெளிவாயிருப்பினும் ஆற்றுப் படுகையில் மாடுகளைக் கட்டுவதும் குழந்தைகளைக் குளிக்க அனுப்புவதும் கூடாது.

உஷ்ணத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கும் அளவு உண்டு. சமவெளியில் உஷ்ணம் 40 டிகிரியை எட்டுவதோடு, வழக்கத்தைவிட நாலரை டிகிரி மிகுந்தும் இருந்தால் அதனை வெப்ப அலை என்பர். அந்நாட்களில் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை வயல் வேலையை நிறுத்திவைப்பது நலம்.

இடியுடன் கூடிய மழையில் நீரைவிடக் காற்றே அதிக நஷ்டம் விளைவிக்கிறது. களக்காடு, நாங்குநேரிப் பக்கங்களில் குலை தள்ளிய வாழை ஒரு மாலைச் சூறைக்காற்றில் சாய்ந்தால், கடன் தவணைக்கு வைத்த நம்பிக்கையும் அதனுடன் சாயும். பலத்த காற்று அறிவிக்கப்பட்டால், முட்டுக் கொடுப்பதையும் முற்றிய குலைகளை வெட்டி விற்பதையும் அன்றே முடிக்க வேண்டும். களத்தில் காயும் உளுந்துக்குத் தார்ப்பாய் ஆயத்தமாயிருத்தல் அவசியம்.

வாரத்தின் முதல் இரண்டு மூன்று தினங்களைப் பற்றிய அறிவிப்பு பெரிதும் நம்பத்தக்கது. ஆறாவது, ஏழாவது தினங்களைப் பற்றியது போக்கை மட்டுமே காட்டும். ஆதலால் வாரத் தொடக்கத்தில் ஒரு முறை கேட்டதோடு நில்லாமல், நாள்தோறும் புதிய அறிவிப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இனி, கார் சாகுபடி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆனால் 2023-ல் அது ஜூன் 8-ந் தேதியும், 2024-ல் மே 30-ந் தேதியும், 2025-ல் மே 24-ந் தேதியும் தொடங்கிற்று. மூன்று வருஷங்களுக்குள் பதினைந்து நாள் வித்தியாசம்! வைகாசியில் பெய்த இரண்டு மழையை நம்பி நாற்றுப் பாவிவிட்டுக் கால்வாயில் நீர் வராமல் காத்திருந்தால், குறுகிய வயதுள்ள கார் நெல்லின் நாற்று முற்றிப் பயனற்றுப் போகும். விதையும் கூலியும் போய்க் கடன் மாத்திரம் நிற்கும். 143 அடி பாபநாசம் அணையிலும் 118 அடி மணிமுத்தாறு அணையிலும் உள்ள நீர்மட்டத்தையும், அணை திறப்பு உத்தரவையும், பருவமழைச் செய்தியையும் சேர்த்துப் பார்த்தே நாற்றங்காலில் இறங்குவது விவேகம்.

இக்காரியத்தில் ஒவ்வொரு சங்கமும் செய்யக்கூடியது சொற்பமே. காரியதரிசி நாள்தோறும் வானிலை அறிவிப்பையும் அணை நீர்மட்டத்தையும் சங்கத்து விளம்பரப் பலகையில் எழுதிவைக்கலாம். மஞ்சள் நிற எச்சரிக்கை கவனித்திருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே காரியத்தில் இறங்கவும் சொல்கிறது என்பதை அதனடியில் விளக்கலாம். மரநிழலும் சுவரும் இல்லாத வெளியில் ஒரு மழைமானியை நாட்டித் தினசரி அளவைக் குறிப்பேட்டில் பதியலாம். பொதுத் தார்ப்பாய்கள் சிலவற்றை வாங்கி வாடகைக்கு விடலாம்.

மழையை வரவழைப்பது நம் கையில் இல்லை. வரும் மழையையும் வாராத மழையையும் அளவறிந்து எதிர்பார்த்தால், கடன் வாங்கிய பணம் விதையாக மண்ணிலும் பின் நெல்லாகக் களத்திலும் சேர்வதற்கு வழி உண்டு. அங்கத்தினர்கள் இவ்வாரமே இதனைத் தொடங்குவார்களாக.