நிறைமாதத்துக்கு என்ன துணி?

கத்திரி வெயில் நேரத்தில் மதுரை காளவாசல் சிக்னல் ஓரம் பஸ்ஸுக்கு நிற்கிற யாருக்கும் வேர்க்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இன்னும் கூடுதலாக வேர்க்கும். அது அவருடைய மனப்பிரமை இல்லை. மாதம் ஏற ஏற உடலில் ஓடும் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. வயிற்றுப் பிள்ளையின் சூட்டையும் தாயின் ரத்தம்தான் சுமந்து வந்து வெளியேற்ற வேண்டும். அதனால் தோலுக்குப் பாயும் ரத்தமும் கூடும், வியர்வையும் கூடும். இந்த வியர்வை நல்ல வேலை செய்கிறது. அந்த வேலையைக் கெடுக்காத துணி எது? டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்போம்.

நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு: துணி மெல்லிசாக இருந்தால் புழுங்காது. விளக்குத்தூண் பக்கம் கடையில் பாலியஸ்டர் ஜார்ஜெட் டாப்ஸைத் தூக்கிப் பார்த்தால் கையில் எடையே தெரியாது. "காத்து மாதிரி இருக்குத்தா, இதையே எடு" என்று மாமியாரும் ஆசையாகச் சொல்வார். உடுத்திக்கொண்டு வெயிலில் நடந்தால் சற்று நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏன்? வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காயும்போதுதான் குளிர்கிறது. மண்பானையில் நீர் கசிந்து வெளிப்பக்கம் ஆவியாவதால் உள்ளே ஜில்லென்று இருக்கிறது. பிளாஸ்டிக் குடத்தில் அதே தண்ணீர் வெதுவெதுவென்று கிடக்கும். பருத்தி, பானையின் சாதி. காற்றிலிருந்தே தன் எடையில் 7, 8 சதவீத ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது அரை சதவீதம்கூட இல்லை. மெல்லிய பாலியஸ்டரைவிடக் கொஞ்சம் தடித்த பருத்தி குளிர்ச்சி தருவது இதனால்தான். மதுரையின் கோடை மதியக் காற்று கடலோர ஊர்க் காற்றைவிட வறண்டது. வியர்வை சீக்கிரம் காயும். இந்த வசதியைத் துணி மறிக்காமல் இருந்தால் போதும்.

தொளதொளப்பும் வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட வேண்டுமே. வெயிலில் போவதென்றால் கையில்லாத டாப்ஸைவிட, முழங்கை வரை வரும் தளர்ந்த காட்டன் கை நல்லது. வெயில் நேராகத் தோலில் விழாது.

கடைச் சீட்டில் 'ப்யூர் காட்டன்' என்று போட்டிருந்தாலும் வீட்டில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். துணி ஓரத்தில் நெடுக்கில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல் உருவிக் கொளுத்துங்கள். பருத்தி எரிந்து பொடிச் சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, முனையில் சின்ன மணியாக இறுகும்.

அழகுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலை நம் ஊரிலேயே இருக்கிறதே! சௌராஷ்டிரக் குடும்பங்கள் பருத்தித் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். உற்றுப் பாருங்கள், ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. அச்சடித்த சுங்குடியும் கிடைக்கிறது. பருத்தியாக இருந்தால் அதுவும் சரிதான். புதுச் சேலையின் கஞ்சியை மட்டும் நன்றாக அலசிவிடுங்கள். கெட்டிக் கஞ்சி நூலிடுக்கை அடைத்துவிடும். சேலை சிரமமென்றால் அதே துணியில், நெஞ்சுக்குக் கீழே சுருக்கு வைத்து டாப்ஸ் தைத்துக்கொள்ளலாம். வயிறு வளர வளர அதுவும் இடம் கொடுக்கும்.

பாவாடை நாடாவை வயிற்றுக்குக் கீழே, தளர்வாகக் கட்டுங்கள். அகல எலாஸ்டிக் இன்னும் சுகம். ரவிக்கைக்குத் தையற்காரரிடம் பக்கத் தையலில் இரண்டு விரற்கடைத் துணி உள்ளே விடச் சொன்னால், மாதாமாதம் ஒரு தையல் பிரித்துக்கொள்ளலாம். கொக்கி முன்பக்கமே இருக்கட்டும், பால் கொடுக்கும் நாட்களுக்கும் ஆகும். வளைகாப்புக்குப் பட்டு கட்டாமல் முடியாது, கட்டுங்கள். வளையல் அடுக்கி முடிந்ததும், கலவை சாதம் சாப்பிட உட்காருவதற்கு முன் காட்டனுக்கு மாறிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.