நாற்காலியை விட்டு இறங்கிய கோடீசுவரர்!

பதவி உயர்வு கிடைத்தால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். பதவியை விட்டு இறங்கினால்? "என்ன தப்பு செய்தாரோ!" என்று ஊர் பேசும்.

ஆனால், உலகத்திலேயே பெரிய பணக்காரராக இருந்த ஒருவர், தாமாகவே தலைமைப் பதவியை விட்டு இறங்கினார். இறங்கி, அதே கம்பெனியில் வேறு வேலை பார்த்தார்!

அவர்தான் பில் கேட்ஸ். கம்பெனி, மைக்ரோசாப்ட். இறங்கிய நாள், 2000-ம் ஆண்டு ஜனவரி 13.

இருவர் தொடங்கிய தொழில்

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் பில் கேட்சும் அவருடைய பள்ளித் தோழர் பால் ஆலனும் மைக்ரோசாப்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். அப்போது கேட்சுக்கு வயது 19.

கம்ப்யூட்டர் தானாக எதுவும் செய்யாது. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று கட்டளை எழுதித் தரவேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்கு சாப்ட்வேர் என்று பெயர். அதை எழுதி விற்பதே இவர்கள் தொழில்.

25 ஆண்டுகளில் அங்கு 30,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். கேட்ஸ் தலைமை அதிகாரி. கூட்டம், கணக்கு, விற்பனை என்று பொழுது போயிற்று. அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கு வேறு!

கல்லூரித் தோழர் ஸ்டீவ் பால்மரிடம் தலைமை அதிகாரி பதவியைக் கொடுத்தார். சேர்மன் பதவி மட்டும் தம்மிடம் இருக்க, "தலைமை சாப்ட்வேர் வடிவமைப்பாளர்" ஆனார்.

அது என்ன வேலை?

வீடு கட்டுவதை எண்ணிப் பாருங்கள். பணம் போடுகிறவர் ஒருவர். சுவர் எழுப்பும் கொத்தனார் ஒருவர். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம்? பாட்டி ஏறுவதற்குப் படி எவ்வளவு உயரம்? பணம் குறைந்தால் மாடியை விடுவதா, திண்ணையை விடுவதா? இதை எல்லாம் எண்ணிப் பார்த்து முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். அவருக்குக் கட்டட வேலையும் தெரியவேண்டும். குடியிருப்பவர் கஷ்டமும் தெரியவேண்டும்.

சாப்ட்வேர் கம்பெனிகளில் இவரை "பிராடக்ட் மேனேஜர்" என்பார்கள். மைக்ரோசாப்டில் அப்போது "புரோகிராம் மேனேஜர்" என்று பெயர் இருந்தது. கேட்ஸ் எடுத்துக்கொண்டது, இவர்கள் எல்லாருடைய திட்டங்களையும் பார்த்து, ஒன்றோடு ஒன்று பொருந்தச் செய்யும் வேலை.

பிப்ரவரி 29!

இந்த வேலையில் அவருக்கு இருந்த ஆசை பழையது. 1992-ம் ஆண்டு நடந்த சம்பவத்தைக் கேளுங்கள்.

எக்செல் என்பது கணக்குப் போடும் சாப்ட்வேர். அதன் ஒரு பகுதிக்கு ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞர் திட்டம் எழுதினார். 500 பக்கம்! கேட்ஸ் அதைப் படித்து, பக்க ஓரங்களில் எல்லாம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தார். கேள்வி மேல் கேள்வி. கடைசியில், தேதிக் கணக்கை யாராவது நுணுக்கமாகப் பார்க்கிறார்களா என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஒரு கண்ணி இருந்தது. 1900-ம் ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாள்தான். எக்செலில் 29 நாள்! ஏன்? முன்பே சந்தையில் இருந்த லோட்டஸ் என்ற சாப்ட்வேரில் அந்தத் தப்பு இருந்தது. அதில் போட்ட கணக்கு எக்செலிலும் மாறாமல் வரவேண்டும் அல்லவா? அதனால் தெரிந்தே தப்பை வைத்தார்கள்!

ஸ்போல்ஸ்கிக்கு இது தெரியும். 1900-ம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி தவிர எல்லாம் சரி என்று பதில் சொன்னார். தப்பினார்! இதைப் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

பழக்கம் இறங்குமா?

நாற்காலியை விட்டு இறங்கலாம். அதிகாரம் செய்த பழக்கம் உடனே போகுமா?

தலைமை அதிகாரி "செய்" என்றால் வேலை நடக்கும். பிராடக்ட் மேனேஜர் காரணம் காட்டி, மற்றவர்களை இணங்க வைக்கவேண்டும். கேட்சுக்கு இது எளிதாக வரவில்லை. முதல் ஆண்டில் அவருக்கும் பால்மருக்கும் உரசல் ஏற்பட்டது. மாறவேண்டியது தாம்தான் என்பதைக் கேட்ஸ் பிறகு உணர்ந்தார்.

2001-ம் ஆண்டு "கோட் ரெட்", "நிம்டா" என்ற கம்ப்யூட்டர் கிருமிகள், மைக்ரோசாப்ட் சாப்ட்வேரில் இருந்த ஓட்டைகள் வழியாகப் புகுந்து பரவின. 2002 ஜனவரி 15-ந்தேதி கேட்ஸ் எல்லா ஊழியர்களுக்கும் கடிதம் எழுதினார். புதிய வசதியா, பாதுகாப்பா என்று கேள்வி வந்தால், பாதுகாப்பே முதலில் என்றார்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை சாப்ட்வேரான விண்டோஸ் பகுதியில், புதிதாக எழுதுவதை நிறுத்தினார்கள். எழுதியதை மறுபடி சோதித்து ஓட்டைகளை அடைத்தார்கள். புதிய வசதியை விளம்பரம் செய்யலாம். அடைத்த ஓட்டையை யார் விளம்பரம் செய்வார்? ஆனாலும் செய்தார்கள்.

வெட்டுப்பட்ட கனவு

கேட்சுக்கு நெடுநாள் கனவு ஒன்று இருந்தது. கடிதம், படம், முகவரி எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைக்கவேண்டும். எந்த விவரம் கேட்டாலும் தொடர்புடையதை எல்லாம் எடுத்துத் தரவேண்டும். இதற்கு "வின்எப்.எஸ்." என்று பெயர் வைத்தார்கள். அடுத்த விண்டோசில் அது வருவதாக இருந்தது.

ஆனால், அந்த விண்டோஸ் சிக்கிய நூல்கண்டு ஆகிவிட்டது! 2004-ம் ஆண்டு விண்டோஸ் பகுதித் தலைவர் ஜிம் ஆல்சின், இது தேறாது என்று கேட்சிடமே நேரில் சொன்னார். கேட்ஸ் முதலில் இணங்கவில்லை. பிறகு இணங்கினார். பெரும் பகுதியைத் திரும்பத் தொடங்கினார்கள். வின்எப்.எஸ். நீக்கப்பட்டது. "விஸ்டா" என்ற அந்த விண்டோஸ் 2007 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது.

வெளிவராத பொருள்களில் எது வந்திருக்கவேண்டும் என்று 2013-ம் ஆண்டு ஒருவர் கேட்டபோது, கேட்ஸ் சொன்னது இந்தக் களஞ்சியத்தைத்தான். காலத்தை முந்திவிட்டது என்றார்.

மீண்டும் இறங்கினார்

2006-ம் ஆண்டு வடிவமைப்பாளர் வேலையை ரே ஓஸியிடம் கொடுத்தார். 2008-ல் முழுநேர வேலையை விட்டு, அறப்பணிக்குப் போனார்.

2014 பிப்ரவரியில் ஐதராபாத்தில் பிறந்த சத்யா நாதெல்லா தலைமை அதிகாரி ஆனார். அன்றே கேட்ஸ் சேர்மன் பதவியையும் விட்டார். தொழில்நுட்ப ஆலோசகர் ஆனார். புதிய பொருள்களை உருவாக்குவதில் உதவும்படி அவரைக் கேட்டுக்கொண்டவர் நாதெல்லா. ஆம்! தாம் தொடங்கிய கம்பெனியில், தம்மிடம் வேலை பார்த்தவருக்கு யோசனை சொல்லும் இடத்தில் உட்கார்ந்தார் கேட்ஸ்.

யோசனையை ஏற்பதும் தள்ளுவதும் இனி நாதெல்லாவின் கையில்!