நகரும் திரையில் ஒரு கோமாளி நாயகன்

ரெங்கத்தைக் கடந்து குளுவாங்கை நோக்கி ஓடும் ரயிலில் சன்னலோரம் அமர்ந்தவர் வெளியே பார்க்கிறார். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கிப் பறக்கின்றன. அவற்றுக்கு அப்பால் வரிசையாக நிற்கும் செம்பனை மரங்கள் சற்று நிதானமாக நகர்கின்றன. குளுவாங்கை நெருங்கும்போது தொலைவில் தெரியும் லம்பாக் மலையோ அசையாமல் ரயிலுடன் கூடவே வருவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் மரமும் மலையும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, நகர்வது ரயில்தான்.

அருகில் உள்ளவை வேகமாகவும் தொலைவில் உள்ளவை மெதுவாகவும் நகர்வதுபோன்ற இந்தத் தோற்றத்தை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணொலி விளையாட்டுகள் பயன்படுத்தி வருகின்றன. நாயகனைப் பக்கவாட்டிலிருந்து காட்டி, அவன் முன்னேற முன்னேறப் பின்னணியை நகர்த்தும் விளையாட்டுகளைப் பக்கவாட்டில் நகரும் விளையாட்டுகள் என்பர். பெரும்பாலானவற்றில் நாயகன் திரையின் நடுப்பகுதியை விட்டு அதிகம் விலகுவதில்லை. கால்கள் ஓடுவதுபோல் அசைகின்றன. தரையும் மரமும் மேகமும் இடப்பக்கம் விலகுகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு அவன் வலப்பக்கம் ஓடுவதாகத் தெரிகிறது.

தொடக்கக் கால விளையாட்டுகளுக்கு இந்த வசதி இல்லை. திரையின் ஓரம் வந்தால் உலகமே முடிந்துவிடும். 1981இல் வெளிவந்த 'டிஃபெண்டர்', திரையைவிட அகலமான ஓர் உலகத்தைக் காட்டியது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'மூன் பாட்ரோல்', பின்னணியைப் பல அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்தியது. தட்டையான திரைக்கு அதனால் ஆழம் கிடைத்தது. ரயில் சன்னலில் கண்ட காட்சிதான் அது.

1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. அதன் வடிவமைப்பாளர்கள் ஷிகேரு மியமோட்டோவும் தக்காஷி தெசுக்காவும் விளையாட்டின் களங்களைக் கட்டத்தாளில் வரைந்து திட்டமிட்டனர். முழு விளையாட்டும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்க வேண்டியிருந்தது. இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே அவர்கள் சிக்கனமாக இருந்தனர். அந்த விளையாட்டின் மேகத்தையும் புதரையும் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே வடிவம் என்பது புலப்படும். வெள்ளை பூசினால் மேகம்; பச்சை பூசினால் புதர். எத்தனையோ கோடிப் பேர் விளையாடியும் பலர் இதைக் கவனித்ததில்லை.

அடுத்தது தாவுதல். பக்கவாட்டில் நகரும் விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. விளையாட்டின் திரை வழக்கமாக ஒரு நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. நாயகன் தாவும்போது கணினி அவனுக்கு மேல்நோக்கி ஒரு வேகத்தைக் கொடுக்கிறது. பிறகு ஒவ்வொரு முறை திரையை வரையும்போதும் அந்த வேகத்திலிருந்து ஒரு சிறு எண்ணைக் கழிக்கிறது. வேகம் குறைந்து, சுழியமாகி, எதிர்மறையாக மாறுகிறது. நாயகன் கீழே இறங்குகிறான். கழிக்கப்படும் அந்த எண்தான் விளையாட்டு உலகின் புவியீர்ப்பு. மாரியோ மேலே எழும்போது பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் அந்த எண் சிறியதாகிறது; அவன் கூடுதல் உயரம் தாவுகிறான். பௌதிகப் பாடத்தில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால், விரலுக்கு இதுதான் இயல்பாகப் படுகிறது.

எதிரியை அடிக்கும் காட்சியிலும் இப்படியொரு தந்திரம் உண்டு. நாயகனின் குத்து எதிரிமீது படும் கணத்தில் இருவரையும் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதி அளவுக்கு அசையாமல் நிறுத்திவிடுவார்கள். கண் அதைத் தனியாக உணர்வதில்லை. ஆயினும் அந்தச் சிறு நிறுத்தம் இல்லாவிட்டால் குத்தில் வலுவே இல்லாததுபோல் தோன்றும்.

இத்தகைய விளையாட்டுக்குள் அதீத சக்தி படைத்த நாயகனைக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. குண்டு துளைக்காத உடம்பும் பறக்கும் ஆற்றலும் உடையவனுக்குப் பள்ளம் எதற்கு, முள் எதற்கு? எல்லாம் வல்லவனை வைத்து விளையாட்டு அமைக்க முடியாது. அவனுக்கு ஒரு குறை வேண்டும். நகைச்சுவை நுழைவது அந்த இடத்தில்தான். உலகைக் காக்கப் புறப்பட்ட மாவீரன், ஒரு சாதாரணக் குழியில் பத்து முறை விழுந்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'வியூட்டிஃபுல் ஜோ' இதை நன்கு உணர்ந்த விளையாட்டு. இதனை இயக்கியவர் ஹிடெக்கி கமியா. இதன் நாயகன் ஜோ திரைப்படப் பித்தன். தோழி சில்வியாவை அழைத்துக்கொண்டு பழைய சாகசப் படம் ஒன்றைப் பார்க்கத் திரையரங்குக்குப் போகிறான். படத்தின் வில்லன் திரைக்குள்ளிருந்து கைநீட்டி அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறான். அவளை மீட்க ஜோவும் படத்துக்குள் நுழைகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் சக்திகள் மூன்று. காட்சியை மெதுவாக்கலாம், வேகமாக்கலாம், நெருக்கமாக்கிப் பெரிதாகக் காட்டலாம். மூன்றுமே திரைப்படக் கலைஞர்கள் கையாளும் உத்திகள் என்பதுதான் இதன் வேடிக்கை.

அந்தச் சக்திகள் அடிதடிக்கு மட்டும் பயன்படுவதில்லை. ஜோ காட்சியை மெதுவாக்கினால் எதிரியின் ஹெலிகாப்டர் கீழே விழுகிறது. இறக்கைகளும் மெதுவாகச் சுழல்வதால் அதனைத் தாங்கும் விசை போதவில்லை என்பது விளையாட்டின் தருக்கம். அபத்தமான அறிவியல்தான். ஆனால், விளையாடுபவர் அதைத் தாமே கண்டுபிடிக்கும்போது அடையும் மகிழ்ச்சி அபத்தமானதன்று. இந்தச் சக்திகளுக்கும் ஓர் அளவு உண்டு. அது தீர்ந்துபோனால் ஜோவின் வீர உடை மறைந்து, அவன் மீண்டும் பழைய சாதாரண இளைஞனாகிவிடுகிறான். அதுவரை எதிரிகளிடம் வீறாப்புப் பேசிய வாய், அப்போது தப்பி ஓட வழி தேடும்.

ஒளியூட்டிய திரையில் பக்கவாட்டு உருவங்களை நகர்த்திக் கதை சொல்வது தமிழர்க்குப் புதிதன்று. தோல்பாவைக் கூத்தில் இராமாயண வீரர்கள் போரிடும் அதே திரையில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பார்கள். அங்கே வீரன் ஒருவன், கோமாளி ஒருவன். ஜோவைப் போன்ற நாயகனிடம் இருவரும் ஒரே உடலில் குடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட நாயகனைத் தேட ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. ரெங்கம் அமைந்துள்ள மாவட்டம் குளுவாங். மலாய் மொழியில் 'கெலுவாங்' என்றால் பழந்தின்னி வௌவால். குளுவாங் நகரின் பெயரும் அச்சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். அந்த வௌவாலின் பெயரைத் தாங்கி 1998இல் மலேசிய வானொலி தொலைக்காட்சியில் 'கெலுவாங் மேன்' என்னும் அசைவூட்டத் தொடர் ஒளிபரப்பானது. அதனைப் படைத்தவர் கம்ன் இஸ்மாயில். அமெரிக்காவின் வௌவால் மனிதன் மாளிகையில் வாழும் செல்வந்தன். ஜோகூரின் வௌவால் மனிதனான போர்ஹானோ தம்போய் மனநல மருத்துவமனையின் நோயாளி. இரவில் அங்கிருந்து நழுவிச் சென்று குற்றவாளிகளைப் பிடிப்பான். பிறகு மருத்துவமனைக்கே திரும்பிவிடுவான்.

இங்குச் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது. தம்போய் என்னும் ஊர்ப்பெயரே ஜோகூரில் நெடுங்காலமாகக் கேலிச்சொல்லாகப் புழங்கி வந்தது. மனநோயாளியை நாயகனாக்கிச் சிரிக்க வைப்பது அந்தக் கேலிக்குத் துணைபோவதாகாதா? நியாயமான கேள்விதான். போர்ஹான் தடுமாறி விழும்போது சிரிப்பது ஒன்று. அவன் நோயாளி என்பதற்காகச் சிரிப்பது வேறு. தொடரில் இரண்டும் கலந்தே இருந்தன எனலாம். ஆனால், ஊரே ஒதுக்கி வைத்த ஒருவனிடம் அதே ஊரைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்த துணிவு அந்தக் கதையில் இருக்கிறது. 2025இல் அது மனிதர்கள் நடித்த திரைப்படமாகவும் வெளிவந்தது. இன்று இந்நாயகனை வைத்து விளையாட்டு உருவாக்க முனைவோர் அந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே முதல் படத்தை வரைய வேண்டியிருக்கும்.

2011இல் தொடங்கிய 'போபோய்போய்' தொடர் இந்தச் சிக்கலைத் தொடவே இல்லை. அதன் நாயகர்கள் பள்ளிச் சிறுவர்கள். அவர்களுள் கோபால் என்னும் இந்தியச் சிறுவனுக்குக் கிடைத்த சக்தி, பொருள்களை உணவாக மாற்றுவது. கோபால் உணவுப் பிரியன், பயந்தாங்கொள்ளியும்கூட. இத்தொடரைத் தயாரித்த மொன்ஸ்தா நிறுவனம் இந்நாயகர்களை வைத்துக் கைப்பேசி விளையாட்டுகளையும் வெளியிட்டுள்ளது. விளையாட்டு வடிவமைப்பாளரின் கண்ணுக்குக் கோபால் ஒரு புதையல். வழியை அடைக்கும் பாறையை உணவாக்கினால் வழி திறக்கும். காலுக்கடியில் இருக்கும் பாலத்தைத் தவறுதலாக உணவாக்கினால் அவனே ஆற்றில் விழுவான். ஒரே சக்தி உதவியாகவும் ஆபத்தாகவும் அமைவதால் விளையாடுபவர் ஒவ்வொரு முறையும் யோசித்தே பொத்தானை அழுத்த வேண்டும்.

இதனைச் செய்து பார்க்கப் பெரிய கூடம் எதுவும் தேவையில்லை. பள்ளிக் கணினி அறையில் 'ஸ்கிராட்ச்' மென்பொருள் போதும். முதலில் கட்டத்தாளை நீளவாக்கில் ஒட்டி, பள்ளம், மேடு, எதிரி ஆகியவற்றைப் பென்சிலால் குறிக்கலாம். பிறகு நாயகனைத் திரையின் நடுவில் நிறுத்தி, வலப்பக்க அம்பு விசையை அழுத்தும்போது பின்னணி இடப்பக்கம் நகருமாறு கட்டளை எழுதலாம். தொலைவு மலைக்குச் சிறிய எண், அருகிலுள்ள மரத்துக்குப் பெரிய எண். புவியீர்ப்புக்கு ஒரு கழித்தல். பச்சைக் கொடியை அழுத்தியதும் நாயகன் தரையைத் துளைத்துக்கொண்டு திரைக்குக் கீழே மறைந்துவிடக்கூடும். புவியீர்ப்பை எழுதியவர், தரையைத் தொட்டால் நிற்க வேண்டும் என்று எழுத மறந்திருப்பார்.